தண்ணீர் தாங்கும் தையல்

பிணவறையில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் கல்யாணப் பந்தியில் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். அதனால் பணியில் இருந்த காலம் முழுக்க யார் கேட்டாலும் "ஆஸ்பத்திரியில தையல் வேலை" என்றுதான் சொல்லிவந்தேன். பொய் சொன்னதாக நினைக்கவில்லை. கேட்டவர்கள் படுக்கை விரிப்பு, தலையணை உறை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா அப்படியே தன் பேத்தியின் பாவாடை அளவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "நாடா வெச்சுடுங்க, ஹூக்கு வேணாம்" என்றார். சரிம்மா என்றேன்.

ஓய்வு பெற்று, நான் வளர்ந்த தெலுங்கு ஊரிலேயே, மௌலா அலியில் வீட்டோடு இருக்கிறேன். இரண்டு வாரம் முன்பு யாதகிரி போன் செய்தான். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது அங்கே அவன்தான் மூத்தவன். தெலுங்குக்காரன், என்னோடு பழகி அரைத் தமிழன் ஆனவன்.

"அன்னா, கொத்த மெஷின் வருதாம். ஸ்கேன்லயே எல்லாம் தெரிஞ்சுடுமாம். இனிமே அறுக்கிற வேலையே இல்லையாம். அறுக்கலைன்னா குட்டு எதுக்கு?" என்றான். கொத்த என்றால் தெலுங்கில் புது, குட்டு என்றால் தையல்.

"நல்லதுதானேடா" என்றேன்.

"நல்லதுதான். ஆனா மெஷின் எப்ப வரும், எவன் கண்டான்? அதுவரைக்கும் தைக்கணுமே. புதுசா நாலு பேர் சேர்ந்திருக்கான். பிணத்தைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறான் ஒருத்தன். நீ ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போ."

போனேன். ஊசியைப் பற்றியும் நூலைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு 'உத்தியோக அனுபவம்' ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வாயால் வராதது கையால் வருகிறதா பார்க்கிறேன்.

'ஸ்டிச்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப். எங்கள் காலனியில் தமிழர்கள் தையல் என்போம், தெலுங்கர்கள் குட்டு என்பார்கள், சாயபு வீடுகளில் சிலாய். மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசும்போது அது ஸ்டிச் ஆகிவிடும். ஜாக்கெட் ஸ்டிச்சிங்குக்குக் கொடுத்திருக்கு. பை ஓரம் ஸ்டிச் விட்டுப்போச்சு. பந்து பட்டு நெற்றி பிளந்தவன் மறுநாள் மைதானத்துக்குப் பதக்கம் வாங்கினவன் மாதிரி வருவான்: "மேரேகு ஆட் டாங்கே லகே, மாலும்?" எட்டுத் தையலாம். ஆறு போட்டவன் தலை குனிந்துகொள்வான்.

ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்து முதலில் விபத்துப் பிரிவில் இருந்தேன். அங்கே ஜனங்கள் கேட்பது இரண்டு கேள்வி. உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த உடனே, "எத்தனை ஸ்டிச்?" எண்ணைச் சொன்னால்தான் அடி எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு மனதில் பதியும். அதை வைத்துத்தான் ஊருக்குப் போன் போடுவார்கள். இங்கிருந்து நாலு ஸ்டிச் என்று கிளம்பியது வேலூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டாகியிருக்கும். இரண்டாவது கேள்வி, "எப்ப பிரிக்கணும்?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் அந்தச் சொல்லின் அர்த்தமே இருக்கிறது என்று எனக்குப் பின்னால் புரிந்தது. உயிருள்ள உடம்பில் ஊசி நூலுக்குப் பெரிய வேலை கிடையாது. இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைத்தால் போதும். மற்றதைச் சதை பார்த்துக்கொள்ளும். சேர்ந்த பிறகு நூலைப் பிரித்து எறிந்துவிடுவார்கள்.

பிறகு என்னைப் பிணவறைக்கு மாற்றினார்கள். அங்கே அந்த இரண்டு கேள்வியையும் கேட்க ஆளில்லை. எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. பிரிப்பது என்ற பேச்சே கிடையாது. சதை சேராது. நூல் ஒன்றுதான், அது தன்னந்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். துணியும் அப்படித்தானே? இரண்டு துண்டுத் துணி எத்தனை வருஷம் ஒட்டியிருந்தாலும் தானாக ஒன்றாகாது. அந்த வகையில் நான் டாக்டர்களைவிட டெய்லர்களுக்குத்தான் சொந்தக்காரன்.

வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "சாக்கு மூட்டை தைச்சிருக்கியா? அதேதான்." ஊசியும் அதே கோணி ஊசிதான், நுனி வளைந்தது. நூல் முறுக்கு நூல். தாடைக்குக் கீழிருந்து தொப்புள் தாண்டி ஒரே நேர் கோடு. அதை மேலிருந்து கீழே இழுத்து மூடுவது. ஒருத்தர் முடிந்தால் அடுத்தவர். வெளியே ஜனங்கள் காத்திருப்பார்கள். வேகம்தான் வேலை.

அந்த வாசலில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு மனுஷர்கள் மேல் இவ்வளவு பிரியம் வந்தது. ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க அப்பாவுக்குக் குளிர் ஆகாது சார், ஏசியைக் கொஞ்சம் கம்மியா வைங்க" என்றார். உள்ளே இருப்பது ஐஸ் பெட்டி. வைக்கிறேன் என்றேன். ஒரு பெரியம்மா தன் மகனுடைய காலை ஆட்டி ஆட்டி, "கைக்கு இத்தா சோரா பா, உட்" என்றாள். ஏன் இவ்வளவு தூங்குறே, எழுந்திரு என்று. கோபமாகத்தான் சொன்னாள், ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மாதிரி.

பிறகு மேடம் வந்தார்கள். ராஜேஸ்வரி மேடம், அறுத்துப் பார்க்கிற டாக்டர். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெளுத்த நூல் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பேச்சு மிகக் குறைவு. தெலுங்கில் பாதி, இங்கிலீஷில் பாதி. தன் வேலை முடிந்ததும் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரே வார்த்தை: "ஸ்டிச், தாஸ்." மரியதாஸ் என்ற என் பெயரின் முன்பாதி அவர்களுக்கு அநாவசியம்.

மற்ற டாக்டர்கள் கத்தியை வைத்ததும் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். தைப்பதைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அது தப்பும் இல்லை. மேடமும் கை கழுவப் போவார்கள். ஆனால் கழுவிவிட்டுத் திரும்பி வருவார்கள். வந்து மேஜைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். கதவுக்குப் போய், சொந்தக்காரர்கள் வந்து நிற்கிற இடத்தில் நிற்பார்கள்.

"துணியை எடு" என்பார்கள். முகத்துத் துணியை எடுப்பேன்.

"இன்னும் கொஞ்சம்." கழுத்து வரைக்கும் இறக்குவேன்.

அங்கே நூல் கண்ணில் பட்டால், "எனக்குத் தெரியுது" என்பார்கள். அவ்வளவுதான். திட்டு கிடையாது. நான் பிரித்து மறுபடி போட வேண்டும். யாதகிரி ஒருநாள் என் காதில், "செத்தவங்களுக்கு மாமியாரா வந்திருக்காங்க அன்னா" என்றான். மேடத்துக்குக் கேட்டுவிட்டது. "ஹவ், ஆமா, மாமியார்தான்" என்றார்கள். சிரிக்கவில்லை. அன்று அவனும் பிரித்து மறுபடி போட்டான்.

வெட்டுகிற கோட்டையும் அவர்கள்தான் மாற்றினார்கள். தாடைக்குக் கீழே ஆரம்பிக்கக் கூடாது. இரண்டு தோள் பக்கமிருந்தும் இறங்கி வந்து நெஞ்சில் சேரட்டும். சட்டைக் காலருக்கு மேலே எதுவும் தெரியக்கூடாது. தலையில் ஒரு காதுக்குப் பின்னால் தொடங்கி இன்னொரு காதுக்குப் பின்னால் முடியட்டும், முடியைச் சீவி மேலே விட்டால் மறைந்துவிடும். ஊசியை வெளியிலிருந்து உள்ளே குத்தாதே, உள்ளேயிருந்து வெளியே கொண்டு வா. அப்போதுதான் ஓரம் இரண்டும் உள்ளே மடிந்து உட்காரும், வெளியே பிதுங்காது. நூலுக்கு மெழுகு பூசு. முடிச்சைக் கடைசியில் உள்ளே தள்ளு. இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதில்லை. நாளுக்கு ஒன்று, போகிற போக்கில். நான் கோணி ஊசியை விட்டு நேர்த்தியான ஊசிக்கு வந்தது அப்படித்தான்.

இனி அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

மழைக்காலம். கொண்டாப்பூரில் அறை எடுத்துத் தங்கி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த பையன், பெயர் பிரவீன். பைக்கில் போனவனைத் தண்ணீர் டேங்கர் அடித்துவிட்டது. ஊர் திருப்பூர் பக்கம். தகவல் போய், அம்மாவும் தாய்மாமனும் மறுநாள் காலை வந்து சேர்ந்தார்கள். அப்பா எப்போதோ தவறிவிட்டவர். போலீஸ் அடையாளம் கேட்டது. அந்த அம்மா முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அழவில்லை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் யாதகிரியிடம் ஏதோ தமிழில் சொன்னது காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தார்கள்.

"ஏனுங்ண்ணா, நீங்க தமிழுங்களா?"

"ஆமாம்மா."

"எம்பேரு சரோஜாங்க. உள்ளார இருக்கறது எம் பையன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார்கள். "நீங்க எல்லாம் முடிச்சுக் குடுத்தீங்கன்னா, ஊட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணி வாக்கலாமுங்களா?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் தயாரான பதில் உண்டு. எல்லோருக்கும் சொல்வது. "வேணாம்மா. சுத்தின துணியைப் பிரிக்கக் கூடாது. அப்படியே எடுத்துட்டுப் போயிடணும்."

"ஏனுங்க?"

"தையல் தாங்காதும்மா."

எல்லோரும் இந்த இடத்தில் அழுவார்கள், நானும் பக்கத்தில் நிற்பேன். சரோஜாம்மா அழாமல் என்னைப் பார்த்தார்கள். "என்ன தையலுங்க போடுவீங்க?" என்றார்கள்.

அத்தனை வருஷத்தில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை.

"சொல்லுங்கண்ணா. பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க. நாளெல்லாம் தையலத்தான் பாக்கறன். எது எத்தன சலவ தாங்கும்னு கையில தொட்டாவே தெரியுமுங்க எனக்கு."

தம்பி தங்கவேல் பின்னாலிருந்து, "அக்கா, சும்மா இரு, அவரு வேலையப் பாக்கட்டும்" என்றார்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார்கள். "ரோட்டு மண்ணு அப்படியே காதுக்குள்ள இருக்குதுங்க, பாத்தன். எங்கிருந்து வந்தாலும் ஊட்டுக்கு வந்து மொதல்ல குளிச்சுப்போட்டுத்தான் சோத்துல கை வெப்பான். குளிக்காம ஒரு வாய் திங்க மாட்டான். அவன மண்ணோட நான் அனுப்ப மாட்டனுங்க. எண்ணெ அரப்பு வெச்சு, தண்ணி வாத்து, அப்பறந்தான். அதுக்கு என்ன தையல் போடோணுமோ அதப் போடுங்க."

அவர்கள் பக்கம் அது வழக்கம். வீட்டு வாசலில் உட்காரவைத்து, சொந்தபந்தம் எல்லோரும் தலையில் எண்ணெயும் சீயக்காய் மாதிரியான அரப்பும் வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் வார்ப்பார்கள். அதற்குத்தான் கேட்கிறார்கள். ராத்திரி பகல் என்று ஆம்புலன்ஸ் ஓட வேண்டிய தூரம், அதற்குப் பிறகு ஊர்க் கைகள், குடம் குடமாகத் தண்ணீர். எங்கள் தையலுக்கு இவ்வளவு வேலை யாரும் கொடுத்ததில்லை.

நான் உள்ளே போய் மேடத்திடம் சொன்னேன். "வாட்டரா?" என்றார்கள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்கள்.

"நூல் எது இருக்கு?"

சொன்னேன்.

"அது வேணாம். ஆபரேஷன் தியேட்டர்ல நல்ல நூல் கேட்டு வாங்கிட்டு வா, நான் சொன்னேன்னு சொல்லு. பஞ்சு நிறைய. பிளாஸ்டர். மெழுகு."

மேடம் தன் வேலையை அன்று முடிந்த அளவு குறைவான வெட்டில் முடித்தார்கள். முடித்து, கத்தியைத் தட்டில் வைத்து, "ஸ்டிச், தாஸ்" என்றார்கள். பிறகு கை கழுவப் போகாமல் கையுறையை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்று, இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு டாக்டர் எனக்காகப் பிடித்துக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

முதலில் உள்ளே பஞ்சு. ஈரம் வந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும்படி அழுத்தி, ஆனால் நெஞ்சு மேடு தட்டாதபடி. பிறகு அடியில் ஒரு வரிசைத் தையல், நெருக்கமாக, ஒவ்வொரு குத்துக்கும் இழுத்துப் பூட்டி. அதற்கு மேலே தோலுக்கு அடியிலேயே ஓடுகிற இன்னொரு வரிசை. மேலே நூல் தெரியக்கூடாது, தண்ணீருக்கு உள்ளே போக வழியும் இருக்கக்கூடாது. கடைசியில் மெழுகை இளக்கித் தடவி விரலால் வழித்தோம். தலையில் இன்னும் சிரமம். அங்கேதான் அரப்பு வைக்கிற கைகள் அழுத்தித் தேய்க்கும். அங்கேயும் இரண்டு வரிசை.

வெளியே வேறு ஜனங்கள் காத்திருந்தார்கள். யாதகிரி கதவைத் திறந்து, "அம்மா, இன்னும் நாலு பேர் இருக்காங்க. ஒண்ணுக்கே இவ்வளவு நேரமா?" என்றான்.

"வெயிட் செய்யனி" என்றார்கள் மேடம், தலை நிமிராமல். காத்திருக்கட்டும்.

முடிந்ததும் மேடம் ஒரு ஈரப் பஞ்சை எடுத்துத் தையல் மேல் நெடுக ஒற்றிப் பார்த்தார்கள். பக்கத்தில் காய்ந்த பஞ்சை வைத்து அழுத்தினார்கள். கசிவில்லை. "குட்" என்றார்கள். எனக்கு அவர்கள் கொடுத்த ஒரே குட்.

காது, நகக்கண் எல்லாம் நான் துடைத்துவிட்டேன். முடியைச் சீவினேன். வழக்கமாகத் தான் நிற்கும் இடத்துக்கு மேடம் போனார்கள். போனவர்கள் நிற்காமல் கதவைத் திறந்து, "ராம்மா" என்று சரோஜாம்மாவைக் கூப்பிட்டார்கள். என்னிடம், "இன்னைக்கு அவங்க பார்க்கட்டும்" என்றார்கள்.

சரோஜாம்மா வந்தார்கள். தூரத்தில் நிற்கவில்லை. நேராக மேஜைக்கு வந்தார்கள். நான் துணியை நெஞ்சு வரைக்கும் இறக்கினேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கை கட்டைவிரலைப் பையனின் தோளில் வைத்து, தையல் போகிற வழியிலேயே மெல்ல நகர்த்தினார்கள். கண் எங்கோ சுவரில் இருந்தது. கட்டைவிரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது, ஒரே சீராக. ஆயிரம் பனியன் தோள்பட்டையைத் தடவிய விரல். இடது தோளுக்குக் கீழே வந்ததும் நின்றது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வந்தது.

"இங்க ஒரு ஸ்கிப் இருக்குதுங்க" என்றார்கள்.

குனிந்து பார்த்தேன். இருந்தது. அடி வரிசையில் ஒரு குத்து தளர்ந்து, மேலே அரிசி அளவுக்கு இளக்கம். என் கண்ணுக்கும் தப்பியது, மேடத்தின் பஞ்சுக்கும் தப்பியது.

"பிரிச்சுப் போடறேம்மா. நீங்க வெளியே..."

"போடுங்க. நிக்கறன்."

மேடத்தைப் பார்த்தேன். தலையசைத்தார்கள். அந்த அம்மாவின் கண் முன்னால் அந்த இடத்தை மட்டும் பிரித்தேன். இரண்டு தடவை முயன்றேன், ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. சரோஜாம்மா என் கையிலிருந்து வாங்கி, நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தார்கள். போட்டேன். பூட்டினேன். மறுபடி அந்தக் கட்டைவிரல் வந்தது. தோளிலிருந்து ஆரம்பித்து, அந்த இடத்தைத் தாண்டி, நெஞ்சு நடுவில் இறங்கி, நான் துணியை விலக்க விலக்கக் கடைசி முடிச்சு வரைக்கும் போனது.

"பாஸுங்க" என்றார்கள்.

சொன்ன பிறகுதான் எதைத் தடவிக்கொண்டிருந்தோம் என்று அவர்களுக்கு உறைத்ததோ என்னவோ. கையை வெடுக்கென்று எடுத்தார்கள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்கள். "சாமி" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் எழுத முயற்சி செய்யப்போவதில்லை. தங்கவேல் ஓடி வந்து தூக்கினார்.

மேடம் தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வெதுவெதுப்பான தண்ணீர். நேராக நெஞ்சில் ஊற்றக் கூடாது, பக்கவாட்டில் வாருங்கள். தேய்க்கக் கூடாது. அரப்பை நெற்றிப் பக்கம் மட்டும் வையுங்கள். ஒற்றித் துடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரோஜாம்மா, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார்கள். தங்கவேல் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார், ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க. வண்டி ஏறுவதற்குள் ஊருக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அரப்பு ஊறவைக்கச் சொன்னார்கள் சரோஜாம்மா. "வெங்கல அண்டாவ எடுத்துக் கழுவி வையி" என்றது என் காதில் விழுந்தது. ஐஸ் பெட்டி வைத்த வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது. அந்த வேலைக்கு வந்த பிறகு, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துச் சாப்பிட்டது அன்றுதான்.

மறுநாள் முழுக்கப் போன் வரவில்லை. சந்தேகம் ஒன்றுமில்லை போல, எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் தங்கவேல் கூப்பிட்டார்.

"தாஸண்ணா, முடிஞ்சுதுங்க."

"தண்ணி வார்த்தீங்களா? தாங்குச்சா?"

பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வாக்கலீங்க. வண்டி வீதிக்குள்ளயே வரலீங்க. மொனையிலயே நிறுத்திப்போட்டாங்க. அறுத்த பொணத்த ஊட்டு வாசல்ல வெச்சுத் தண்ணி வாத்தா வீதிக்கே ஆகாதுன்னு பெரியவங்க நாலு பேரு நின்னுட்டாங்க. மொகத்த மட்டும் வண்டிக்குள்ள ஏறிப் பாத்தாங்க. அங்கிருந்து நேரா மின் மயானந்தான்."

"தையல் தாங்கும்னு சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. டாக்டரம்மாவே சொல்லிச்சுன்னு சொன்னன். தையலப் பத்தி யாருங்க பேசறாங்க அங்க?"

"நீங்க தாய்மாமன். உங்க பேச்சுக்கு மேல பேச்சு உண்டா?"

"எம் புள்ளைக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கறனுங்க. உம் புள்ள கல்யாணம் நடக்க வேண்டாமாடான்னு கேட்டாங்க. நான் என்ன பண்றதுங்க?" என்றார். "அக்கா மொனையிலயே எறங்கி முன்னால ஊட்டுக்குப் போயிருச்சு, அண்டா கிட்டயே உக்காந்திருந்துச்சுங்க. அரப்பெல்லாம் கரைச்சு, தண்ணி காய வெச்சு. வண்டி திரும்பற சத்தங் கேட்டுத்தான் வெளிய ஓடியாந்துச்சு. இப்ப எங்கிட்டப் பேசறதில்லீங்க."

அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அடுத்த மேஜையில் வேலையாக இருந்தார்கள். கத்தி நின்றது. "நீள்ளு போயலேதா?" என்றார்கள். தண்ணீர் வார்க்கவே இல்லையா? இல்லை மேடம் என்றேன். வேலையை முடித்தார்கள். முடித்துவிட்டு வழக்கம்போல என்னைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கை கழுவிக்கொண்டு போனவர்கள் அன்றைக்குத் திரும்பி வந்து கதவடியில் நிற்கவும் இல்லை. நானாகவே தைத்தேன். எப்படித் தைத்தேன் என்று நினைவில்லை.

மறுநாள் வந்தார்கள், நின்றார்கள், "எனக்குத் தெரியுது" என்றார்கள். நானும் பிரித்துப் போட்டேன். ஆனால் எதற்காகப் பிரித்துப் போடுகிறோம் என்ற கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, போகவில்லை. நாங்கள் எவ்வளவு நெருக்கமாகப் போட்டாலும் கேட்டைத் தாண்டினால் அது தையல் கிடையாது, அறுத்த பிணம். ஊருக்கு ஊர், ஜாதிக்கு ஜாதி வேறு வேறு பேச்சில் அதையே சொல்கிறார்கள். அந்தப் புதுப் பையன்களிடம் ஊசியைக் காட்டி அரை மணி நேரம் பேசியவன், இதை எந்த முகத்தோடு சொல்வேன்?

பத்துப் பதினைந்து நாள் கழித்து சரோஜாம்மாவே கூப்பிட்டார்கள். தம்பி போனிலிருந்து நம்பரை எடுத்திருக்கிறார்கள்.

"ஏனுங்ண்ணா, வாத்திருந்தா தாங்கியிருக்குமுங்களா?"

"தாங்கியிருக்கும்மா."

"நெசமாலுமுங்களா?"

"நெசமாத்தாம்மா. நீங்களே பாஸ் பண்ணீங்களே."

"ஆமாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம். பண்டிகை, அவன் பிறந்தநாள், சில சமயம் காரணமே இல்லாமல், கம்பெனியில் டீ இடைவேளையில், பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தோடு. அதே கேள்வி. அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு தடவை, "சொல்ல முடியாதும்மா, அவ்வளவு தூரம் போன பிறகு விட்டிருந்தாலும் விட்டிருக்கும், எல்லாரும் பார்க்க அப்படி ஆகாம போனதே நல்லது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எங்கிட்டப் பொய் சொல்லாதீங்கண்ணா" என்றார்கள். "எங்கையி தொட்டுப் பாத்ததுங்க அது."

பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை. தாங்கியிருக்கும் என்றே சொல்கிறேன். உண்மையில் எனக்குத் தெரியாது. ஈரப் பஞ்சு வேறு, குடத்துத் தண்ணீர் வேறு. நான் தைத்தவற்றில் எதுவும் தாங்கியதா விட்டதா என்று திரும்பி வந்து சொன்னவர்கள் யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார்கள். குரலுக்கு வயதாகிவிட்டது. கண் மங்கலாகி செக்கிங்கிலிருந்து நின்றுவிட்டார்களாம். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டார்கள்.

"தாங்கியிருக்கும்மா" என்றேன்.

"அப்ப வாத்திருக்கலாமுங்களே" என்றார்கள்.

வார்த்திருக்கலாம். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.